எட்டுத் தோல்விக்கு ஒரு ஆள்

போன வருஷம் எங்கள் ஹாக்கி அணி பத்து ஆட்டம் ஆடி எட்டில் தோற்றது. தென்காசியில் அதற்குக் காரணம் தெரியாத ஆளே கிடையாது. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கோச் சரியில்லை என்றான் ஒருத்தன். பயல்களுக்குக் கொழுப்பு என்றான் இன்னொருத்தன். வடக்குக் கோல்கம்பம் நிற்கிற திசை சரியில்லை என்று ஒரு ஜோசியர் சொன்னார். கம்பத்தை நகர்த்த முடியாது என்பதால் சட்டையின் நிறத்தை மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாற்றினார்கள். பச்சையிலும் தோற்றோம்.

நான் அந்த அணிக்கு வேன் ஓட்டினேன். ஆட்டத்தின் நுணுக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் முன்னால் இருக்கிற கண்ணாடியில் பின்னால் இருக்கிறவன் முகம் தெரியும். மூன்று வருஷம் அதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஊரில், ஜோயலால்தான் அணி நாசமாய்ப் போயிற்று என்று பேசுகிறார்கள். அது தப்பு. யாரால் போயிற்று என்று எனக்குத் தெரியும். அவர் பெயர் நாறும்பூநாதன். அவரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

நாறும்பூவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. சட்டை துவைப்பார், மட்டைக்குப் பிடித்துணி சுற்றுவார், பந்தை எண்ணி எடுத்து எண்ணி வைப்பார். ஆட்டத்துக்கு முன்னால், பந்து வழுக்கி ஓடுவதற்காகச் செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பதும் அவர்தான். தண்ணீர் அடிக்கும்போது தானும் முழங்கால் வரை நனைந்து, அதே ஈர வேட்டியோடு பொழுது சாய்கிறவரை அலைவார். காய்ந்த வேட்டியோடு நான் அவரைப் பார்த்த நாள் குறைவு.

அணி புளியங்குடி விஜயசங்கருடையது. எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். ஆறு ஊர் அணிகள் ஆடுகிற லீக். ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம். அதில் ஒரு இடத்தை வாங்கி, மேலகரத்துக்கு வெளியே மைதானமும் போட்டார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் ஆட்டம் தெரியாது. தோற்றால் ஏன் தோற்றோம் என்று கேட்பார். யாராவது பதில் சொன்னால் நம்பிவிடுவார்.

லீக்கில் ஒரு விதி உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து கடைசி இடத்தில் நிற்கிற அணியை வெளியே அனுப்பிவிடுவார்கள். முந்தின வருஷம் நாங்கள்தான் கடைசி. போன வருஷமும் ஒன்பது ஆட்டம் முடிந்தபோது நாங்கள்தான் கடைசி. ஏழு தோல்வி, ஒரு சமன், ஒரு வெற்றி. எங்களுக்கு நேர் மேலே இருந்த அணியோடுதான் பத்தாவது ஆட்டம், எங்கள் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. ஜெயித்தால் அணி பிழைக்கும். தோற்றால் எல்லாருக்கும் வேலை போகும்.

இதில் நாறும்பூ எங்கே வருகிறார் என்றால், புதிதாக ஒரு பையன் அணிக்கு வந்தால் கோச் ஜஸ்டின் சார், ‘எந்த எடத்துல ஆடுவ?’ என்று கேட்பார். நாறும்பூ, ‘பொறந்த தேதி என்னலே?’ என்று கேட்பார்.

எங்கள் பக்கத்தில் ஹாக்கி மட்டையைத் தூக்குகிறவன் கப்புக்காகத் தூக்குவதில்லை. போலீஸ், ராணுவம், ரயில்வே, வரி ஆபீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. வீட்டில் எத்தனை கோல் போட்டாய் என்று எவனும் கேட்பதில்லை. ஆர்டர் வந்துச்சா என்றுதான் கேட்பார்கள். சம்பளம் கொடுக்கிற லீக் அணி என்றாலும் பயல்களுக்கு இது பஸ் வருகிறவரை நிற்கிற நிழல்குடை மாதிரி. முதலாளிக்கு இது தெரியாது. கோச்சுக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டார். நாறும்பூதான் அந்த பஸ் எப்போது வரும் என்று பார்த்துச் சொல்கிற ஆள்.

தினமும் காலையில் குருவம்மாள் டீக்கடையில் மூன்று பேப்பரையும் விரித்து, எந்த இலாகாவில் ஹாக்கிக்கு இடம் இருக்கிறது என்று பார்ப்பார். கிடைத்தால் பையனைக் கூப்பிடுவார். மனு எழுதிக் கொடுப்பார். போட்டோ எடுக்கச் சொல்வார். எல்லார் சான்றிதழின் அசலும் அவரிடம்தான் இருக்கும். பயல்கள் வீட்டில் மழை ஒழுகும், எலி கடிக்கும், தம்பி தங்கச்சி கிறுக்கும் என்று ஒவ்வொன்றையும் பாலிதீன் உறையில் போட்டு, ஆளுக்கொரு கோப்பில் கோத்து வைத்திருந்தார். அதில் எந்தத் தாளில் எந்த முத்திரை இல்லை என்பது அவருக்கு மனப்பாடம்.

அவருடைய கதையும் ஒரு முத்திரையால் போனதுதான். இருபத்து மூன்று வயதில் நல்ல ஆட்டக்காரர். ஒரு இலாகாவிலிருந்து கார்டு வந்திருக்கிறது. போய்ச் சான்றிதழைக் கொடுத்தால் ஹாக்கி சங்கத்தின் வட்ட முத்திரை இல்லை. நாலு நாளில் வாங்கி வா என்று அனுப்பினார்கள். முத்திரை வைத்திருந்த செயலாளர் கல்யாண வீட்டுக்குக் கொல்லம் போயிருந்தார். அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாராம். அவர் வந்து முத்திரை குத்திக் கொடுத்து, இவர் பஸ் பிடித்துப் போனபோது தேதி முடிந்துவிட்டது. அதற்கப்புறம் லாரி ஆபீஸ், மரக்கடை, வாட்ச்மேன் என்று முப்பது வருஷம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அவர் சம்சாரம் முத்துவடிவு சொன்னது. “ஊரான் பிள்ளைக்கெல்லாம் வேல வாங்கிக் குடுக்காரு. இவருக்கு ஈர வேட்டிதான் மிச்சம்” என்று சேர்த்துச் சொன்னாள்.

போன வருஷம் ஆட்டம் தொடங்கி இரண்டாவது வாரம் கோல்கீப்பர் ரயில்வேக்குப் போனான். நாலாவது வாரம் சுந்தரபாண்டியன் போலீசுக்குப் போனான். அப்புறம் பின்வரிசையில் இரண்டு பேர். ஒவ்வொருத்தனையும் நான்தான் வேனில் ஏற்றிப்போய்த் தென்காசி ஸ்டேஷனில் விட்டேன். பக்கத்து சீட்டில் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நாறும்பூ இருப்பார். ஆள் போன மறுவாரம் தோற்போம். தோற்று முடித்ததும் ஊர், கோச்சைத் திட்டும். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டோம்.

போனவர்களிலேயே சுந்தரபாண்டியன் போனதுதான் பெரிய அடி. அதைச் சொல்ல ஜோயலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஜோயல் பெனால்டி கார்னர் அடிக்கிறவன். கார்னர் கிடைத்தால் கோட்டில் நிற்கிற ஒருத்தன் பந்தைத் தள்ளிவிடுவான், இன்னொருத்தன் நிறுத்துவான், மூன்றாவது ஆள் மட்டையை வளைத்துச் சுண்டி கோலுக்குள் எறியவேண்டும். எறிகிறவன் பெயரைத்தான் பேப்பரில் போடுவான். ஆனால் தள்ளுகிறவன் சரியாகத் தள்ளாவிட்டால் எறிகிறவன் ஒன்றும் செய்யமுடியாது. தள்ளியது சுந்தரபாண்டியன். அவன் இருந்தவரை ஜோயல் நாலு ஆட்டத்தில் ஆறு கோல் போட்டான். அவன் போன பிறகு அஞ்சு ஆட்டத்தில் ஒன்று. புதுப் பையன் தள்ளுகிற பந்து துள்ளித் துள்ளி வரும். பார்க்கிறவன் கண்ணுக்கு ஜோயல் கோட்டைவிட்டதாகத் தெரியும். அவன் ஒரு நாளும் புதுப் பையனைக் கைகாட்டியதில்லை.

ஒன்பதாவது ஆட்டம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், முதலாளி எல்லாரையும் புளியங்குடிக்கு வரச்சொன்னார். கமிஷன் கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தது. பயல்கள் மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். கண் எரிகிற அளவுக்கு எலுமிச்சை வாசம். நானும் நாறும்பூவும் கதவோரம் நின்றோம்.

“நான் படிச்சவன் இல்ல,” என்றார் முதலாளி. “கடையில நூறு மூட்ட வந்தா எந்த மூட்டையில அழுகல் கெடக்குன்னு தொடாம சொல்லுவேன். உங்கள்ல எனக்கு அது தெரியல. யாரால தோக்கோம்னு இன்னைக்கி எனக்குத் தெரியணும். தெரியாம ஒருத்தனும் போகக்கூடாது.”

கோச் ஜஸ்டின் சார் ராணுவத்தில் இருந்தவர். நேராக நின்றுதான் பேசுவார். “சார், நான் ஒரு டீமைக் கட்டுறேன். மறுவாரம் அதுல ஒரு செங்கல் இல்ல. யாரோ உருவிட்டுப் போறான். நான் என்ன பண்ண?”

“யாரு உருவுதா?”

கோச் என்னைப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பார்த்தார். பயல்கள் குனிந்து மூட்டைச் சணலைப் பிய்த்தார்கள். அந்தப் பின்கட்டில் இருந்த இருபது பேரில் முதலாளி ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் விடை தெரியும்.

“நாந்தான்” என்றார் நாறும்பூ.

முதலாளிக்குப் புரியவில்லை. “என்னது நீரு?”

“பயலுவள வேலைக்கி அனுப்புதது நாந்தான். நாலு பேரும் நான் மனு எழுதிக் குடுத்துப் போனவன்தான். போன வருசமும் அப்படித்தான்.”

“வே, நீரு சட்ட தொவைக்க ஆளு.”

“ஆமா. அதையும் செய்யுதேன்லா.”

ஒருத்தன் சிரித்துவிட்டான். முதலாளி சிரிக்கவில்லை. கோபத்தை விட ஆச்சரியம்தான் இருந்தது முகத்தில். மூன்று வருஷமாகக் கோச்சை, சட்டையை, கோல்கம்பத்தைச் சந்தேகப்பட்ட மனுஷன்.

“இன்னும் யாரு போகப் போறா?” என்று கேட்டார்.

ஜோயல் எழுந்து நின்றான். “எனக்கு ஞாயித்துக்கெழம காலைல மெட்ராஸ்ல செலக்‌ஷன் இருக்கு முதலாளி. மத்திய அரசு வேல. ஆனா நான் போகல. ஆடிட்டுத்தான் மத்தது.”

“அவன் சொல்லிட்டாம்லா,” என்றார் முதலாளி. “வே நாறும்பூ, உம்மகிட்ட இருக்க இவன் சர்ட்டிபிகேட் கோப்ப நாளைக்கி மத்தியானத்துக்குள்ள என்கிட்ட கொண்டாந்து குடுத்திரும். ஞாயித்துக்கெழம ராத்திரி திருப்பித் தாரேன். ஆட்டம் ஜெயிச்சா உம்ம வேலையும் இருக்கும், எல்லார் வேலையும் இருக்கும். நடந்தத நான் மறந்திருதேன். கோப்பு வரல, நீரும் வரவேண்டாம்.”

வேனில் திரும்பி வந்தோம். கடையநல்லூர் தாண்டியதும் நாறும்பூ மெதுவாக, “ஜோயலுக்கு டிசம்பர்ல இருபத்தேழு முடியுது. இதுக்கு மேல எங்கயும் எடுக்கமாட்டான்” என்றார். எனக்குச் சொன்னதா தனக்கே சொன்னதா என்று தெரியவில்லை.

“அவனே போகலைங்கான். நீரு ஏன்வே கெடந்து சாவுதீரு?” என்றேன்.

“அவனுக்கு என்ன தெரியும். ஞாயித்துக்கெழமைய மட்டும் பாக்கான்.”

சனிக்கிழமை காலையில் ஜோயலின் அம்மா ஜெபமலர் மைதானத்துக்கு வந்தாள். பீடி சுற்றுகிறவள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. நாறும்பூ சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இவன் போகமாட்டேங்கான். ரெண்டு நாளா சோறு எறங்கல. கேட்டா, நான் போனா இருபது பேரு சோத்துல மண்ணுங்கான். அவங்க அப்பா இருந்தா ரெண்டு போடு போட்டு அனுப்புவாரு. நான் என்ன செய்ய? நீங்க சொன்னாக் கேப்பான்.”

“நான் சொல்லியாச்சு. கேக்கமாட்டேங்கான்.”

“இன்னொருக்கச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்கேன்.”

“கெஞ்சாதட்டி. பெட்டியக் கட்டி வையி. சாயங்காலம் அஞ்சரைக்கி வேன் வரும்” என்றார் நாறும்பூ. என்னைக் கேட்கவேயில்லை.

மத்தியானம் முதலாளியிடமிருந்து எனக்குப் போன். கோப்பு எங்கே என்றார். நாறும்பூ சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொன்னேன். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மூன்று மணிக்கு மறுபடியும் போன். நான் எடுக்கவில்லை. என் வேலையும் போயிற்று என்று அப்போதே தெரியும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அஞ்சரைக்கு ஜோயல் வேனில் ஏறினான். அம்மா அழுததால் ஏறினான். மனசு ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பெட்டியைத் தொடாமல் ஜன்னலோரம் இருந்தான். நாறும்பூ பக்கத்தில் இருந்து, எந்தத் தாளை முதலில் நீட்டவேண்டும், எதைக் கேட்டால் மட்டும் காட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தென்காசி ஸ்டேஷனில் செங்கோட்டையிலிருந்து வருகிற பொதிகைக்குக் கூட்டம் நின்றது. சீசன் முடிகிற நேரம். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தலையில் எண்ணெய் போகாமல் திரும்புகிற கூட்டம். நாங்கள் கடைசிப் பக்கம் போய் நின்றோம். வண்டிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

மேம்பாலப் படியில் முதலாளி இறங்கி வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். தனியாக வந்தார். செருப்பு தேய நடந்து வந்தார். ஓடி வந்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும். அப்படி வரவில்லை. களைத்துப்போய் வந்தார்.

நாறும்பூவைப் பார்க்காமல் ஜோயலிடம் பேசினார். “தம்பி, ஒன்னய நான் தடுக்க முடியாது. ஒரு கேள்விதான். நேத்து எல்லாரு முன்னாடியும் ஆடுதேன்னு சொன்னேல்லா? ஒன் வாய நம்பித்தான் நான் வேற ஆளத் தேடல. இப்ப மத்தவனுக்கு நான் என்ன சொல்ல?”

ஜோயல் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பெட்டியைக் கீழே வைத்தான். “வாரேன் முதலாளி” என்றான். “நான் வந்திருதேன். அண்ணாச்சி, கோப்ப வச்சுக்கிடுங்க.”

அப்போது நாறும்பூ பேசினார். சத்தம் போடவில்லை. துணி எண்ணும்போது எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார்.

“நீ வந்து என்னலே செய்யப் போற?”

ஜோயல் திரும்பிப் பார்த்தான்.

“கடைசி அஞ்சு ஆட்டத்துல எத்தன கார்னர் அடிச்ச? பதினெட்டு. எத்தன உள்ள போச்சு? ஒண்ணு. அதுவும் எதிர் டீம்காரன் கால்ல பட்டுப் போனது. நேத்து நான் பழிய என் தலையில போட்டுக்கிட்டேன், போவட்டும் சின்னப்பயன்னு. முதலாளி, நீங்க கேட்டீங்கல்லா யாரால தோக்கோம்னு? இவனாலதான். கைல வெசை போயாச்சு. ஊர்ல எல்லாரும் பேசுதான், இவன் மூஞ்சிக்கி நேரா சொல்லல. நாளைக்கி இவன் ஆடுனாலும் தோப்போம். ஆடலைன்னா ஒருவேளை ஜெயிப்போம்.”

நான், “வே” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

முதலாளி ஜோயலைப் பார்த்தார். பதினெட்டுக்கு ஒன்று. அந்த மனுஷனுக்கு எண்ணிக்கை புரியும். யார் தள்ளியது, பந்து எப்படித் துள்ளியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. முகத்தில் சந்தேகம் வந்ததை ஜோயல் பார்த்துவிட்டான். அவனும் எதிர்த்து ஒன்று சொல்லியிருக்கலாம். சுந்தரபாண்டியன் பேரைச் சொல்லியிருந்தால் போதும். அவனை அனுப்பியதே இவர்தான் என்று கேட்டிருக்கலாம். சொல்லவில்லை. தனக்குள்ளேயே ஏற்கெனவே அப்படி ஒரு நினைப்பு இருந்திருக்கவேண்டும்.

“அப்படியா அண்ணாச்சி” என்று மட்டும் கேட்டான்.

“அப்படித்தான். போ.”

வண்டி வந்தது. அவன் பெட்டியை எடுத்தான். கோப்பை நாறும்பூ கையிலிருந்து வாங்காமல் பிடுங்கிக்கொண்டு ஏறினான். ஏறியவன் ஜன்னல் பக்கம் வரவேயில்லை.

முதலாளி போகும்போது, “நீரு நாளைக்கி வரவேண்டாம்” என்றார். ஆனாலும் மறுநாள் நாறும்பூ வந்தார். அவரைத் தவிர யாருக்கும் அந்தத் தண்ணீர் மோட்டாரைப் போடத் தெரியாது என்பதால் யாரும் விரட்டவில்லை.

ஆட்டத்தை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்கு ஆறு பெனால்டி கார்னர் கிடைத்தது. அடித்த ஆறும் ஆறு விதமாகப் போயிற்று. ஒன்று குருவம்மாள் கடைப் பக்கம் வேலியைத் தாண்டிப் போயிற்று. பூஜ்யத்துக்கு ஒன்று என்று தோற்றோம். ஜோயல் இருந்திருந்தால் ஒன்றாவது உள்ளே போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கோச்சும் அப்படித்தான் நினைத்தார். ஆட்டம் முடிந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் போன பிறகு ஈரச் சட்டைகளைப் பொறுக்கும்போது நாறும்பூவிடம் கேட்டேன்.

“ஏன்வே அப்படிச் சொன்னீரு? வேற மாதிரி சொல்லிப் பாத்திருக்கலாம்லா?”

“நல்லதனமாச் சொன்னது எதையாவது கேட்டானா அவன்?” என்றார். “ரோசம் வந்தாத்தான் அவன் வண்டியேறுவான்.”

“சுந்தரபாண்டிய அனுப்புனது நீரு. பழிய ஜோயல் மேல போட்டீரு.”

“தெரியும்வே” என்றார். பச்சைச் சட்டை பதினாறு, மஞ்சள் பதினெட்டு என்று எண்ணி வைத்துவிட்டுப் பூட்டைப் போட்டார்.

அவர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பிளாட்பாரத்தில் அவர் சொன்னதை முதலாளி நம்பிவிட்டார். அவர் தன் கடையில் சொன்னார். கடையில் கேட்டவன் வாட்ஸ்அப்பில் போட்டான். ஒரு வாரத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சு. ஜோயலால்தான் எட்டு ஆட்டமும் போயிற்று, கடைசியில் பயந்து மெட்ராசுக்கு ஓடிவிட்டான். மூன்று வருஷமாக ஆளுக்கொரு காரணம் சொன்ன ஊர் முதல் தடவையாக ஒன்று சேர்ந்தது. ஜெபமலர் பீடிக் கடைக்கு இலை வாங்கப் போனால், “ஒம் மவன் டீமையே முடிச்சிட்டாம்லா” என்று கேட்டார்கள். நாறும்பூ குருவம்மாள் கடையில் உட்கார்ந்து, அது பொய், நான் சொன்ன பொய் என்று ஆள் ஆளாகச் சொல்லிப் பார்த்தார். பாவம், பையனைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். குருவம்மாள், “அண்ணாச்சி, வெள்ளிக்கெழம நீரு, சனிக்கெழம அவன், திங்கக்கெழம மறுபடியும் நீரு. ஏதாவது ஒண்ணுல நில்லும்” என்றாள்.

அணியைக் கலைத்துவிட்டார்கள். மைதானத்தை மாதம் ஒரு தொகைக்குக் கிரிக்கெட் ஆடுகிற ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். கோச் ஊருக்குப் போய்விட்டார். நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். நாறும்பூ தென்காசியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஷட்டில் பேட்டுக்கு நரம்பு மாட்டுகிறார்.

ஜோயலுக்கு ஆர்டர் வந்துவிட்டது. அஞ்சு மாதம் கழித்து வந்தது. மூன்று பேரை எடுத்ததில் இவன் இரண்டாவது. வேலை நாக்பூரில். ஜெபமலர் ஆர்டர் காகிதத்தைக் கொண்டுவந்து நாறும்பூவிடம் காட்டினாள். அவன் கொண்டுவரவில்லை.

இந்தக் கிறிஸ்துமசுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். சதை போட்டிருந்தது. என் வீட்டுக்குக் கேக் கொண்டுவந்தான். குருவம்மாள் கடைக்கும் கொடுத்தானாம். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த நான் துணியை வைத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னேன். சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன். பதினெட்டில் எத்தனை பந்து துள்ளி வந்தது, யார் தள்ளியது, அந்தச் சாயங்காலம் கோப்பைக் கொடுத்திருந்தால் நாறும்பூவுக்கு வேலை இருந்திருக்கும், எல்லாம்.

கேட்டுக்கொண்டிருந்தான். “தெரியும் அண்ணாச்சி,” என்றான். “ரயில் மதுர தாண்டும்போதே தெரிஞ்சுபோச்சு, என்னய ஏத்திவிடத்தான் சொல்லுதாருன்னு.”

“பெறகென்னலே? போய் ஒரு வார்த்த பேச வேண்டியதுதான. அவரு கடையிலதான் இருப்பாரு.”

வேன் டயரில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினான்.

“ஆபீஸ் டீம்ல கார்னர் அடிக்கச் சொல்லுதாங்க. மட்டையக் கைல எடுத்தா அவரு சொன்னதுதான் காதுல கேக்கு. பொய்னு தெரியும். ஆனா கை நம்பமாட்டேங்கு. இப்ப நான் கார்னர் அடிக்கதில்ல, பின்னாடி நிக்கேன். அவரப் பாத்தா இத எப்படிச் சொல்ல? சொல்லாம எப்படி இருக்க?”

“சரிப்பா” என்றேன். அவன் அம்மா காத்திருப்பாள் என்று எழுந்து போனான்.

மறுநாள் சவாரி முடிந்து வரும்போது கடைக்குப் போனேன். நாறும்பூ நரம்பைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஜோயல் வந்திருப்பது அவருக்குத் தெரியும்.

“பய நல்லா இருக்கானா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கான்.”

“ஆபீஸ்ல ஆடுதானா?”

“ஆடுதான்” என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பேட்டை எடுத்தார்.